நவம்பர் முப்பதுக்குள் ஒரு கையெழுத்து

இரும்புலியூர்,
7.9.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு உங்க சரசு எழுதுவது.

நான் இருக்கிறேன். நீங்களும் சிறுசேரியில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வண்டியை நிதானமாக ஓட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பீங்க. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீங்க. வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்றால், டிரைவர்கள் எட்டுப் பேர் படுக்கிற ரூமில் அதைக் காதில் வைத்துக் கேட்பீங்களா, சத்தமாகப் போட்டுவிடுவீங்களா, எனக்குத் தெரியாது. நம்ம விஷயம் ஊர் காதுக்குப் போகக்கூடாத விஷயம். ஆடி மாதம் மெஸ்ஸில் லீவு சொல்லிவிட்டு நேரிலேயே வந்தேன். "முனிரத்தினம் டூட்டிக்குப் போய்க்கீறாரும்மா" என்றார் வாட்ச்மேன். உங்க செருப்பு வாசலில் கிடந்தது. இடது கால் வார் தைத்த செருப்பு. பதினாலு வருஷம் பெண்சாதியாக இருந்தவளுக்குச் செருப்பு தெரியாதா? அப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன்.

எட்டாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க. கவர் மேலே உங்க பேரை நான் எழுதவில்லை, பக்கத்து வீட்டு ரோஸி அக்கா எழுதினாங்க. உள்ளே என்ன என்று அவங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஹெப்சி போன் பண்ணினாள். நமக்கு ஃபார்ம் எல்லாம் படித்துக் காட்டிச் சந்தேகம் தீர்த்தாளே, அந்தக் கவுன்சலிங் பெண். போன வருஷம் டோனர் வைத்து உண்டாக்கினதில் மூன்று கரு தேறியது. ஒன்றை எனக்குள் வைத்தார்கள். மீதி இரண்டும் அங்கேயே குளிரில் இருக்கிறது. வருஷம் முடிகிறதாம். இன்னும் வைத்திருக்கணும், பின்னால் எனக்குள் வைக்கணும் என்றால் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் நவம்பர் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இல்லை என்றால் எடுத்துவிடுவார்கள். "எடுத்து இன்னாம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

எனக்கு முப்பத்தெட்டு முடிகிறது. முதலிலிருந்து ஆரம்பித்தால் கிடைக்கும் என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. இருக்கிறது இந்த இரண்டுதான். நம்ம பாப்பாவின் கூடப்பிறந்ததுகள். ஃபார்மை இதோடு வைத்திருக்கிறேன். நீங்க போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாகக் கோடு போட்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

பாப்பா பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பதினோரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் என் பாலைச் சின்ன பாட்டிலில் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோனது நீங்க. லிஃப்டுக்கு நின்றால் ஆறிவிடும் என்று படியேறியே போனீங்க. அப்படிப்பட்ட மனுஷன் கடைசி நாள் எங்கே போனீங்க? என் தம்பி முகிலன்தான் துண்டில் சுற்றி எடுத்துப் போனான். குழி வெட்டுகிறவர், "தகப்பன் யாருப்பா? மொதல் மண்ணு அவரு போடணும்" என்று கேட்டாராம். தம்பி என்ன சொல்வான்? "டூட்டி" என்றானாம். சொந்தப் பிள்ளையை மண்ணில் வைக்கிற நாளில் என்ன டூட்டி என்று அவர் நினைத்திருப்பார்.

மாமா, வேற ஆளுடைய பிள்ளை என்றுதானே மண் போட வரவில்லை? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்க. நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்க அன்புள்ள
சரசு

*

சிறுசேரி,
16.9.2025

சரசுவுக்கு,

லெட்டர் கிடைத்தது. நான் நல்லபடியாக இருக்கிறேன். கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். காலையில் வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிவந்து விட்டால் சாயங்காலம் வரை சும்மாதான். கேன்டீன் சாம்பார் சாம்பார் மாதிரி இல்லை. மாடித் தொட்டியின் மூடி உடைந்து கிடந்ததே, மாற்றினாயா? மழைக்கு முன்னால் முகிலனை விட்டு மாற்றச் சொல். அவன் நாளைக்கு நாளைக்கு என்பான், நீ விடாதே.

ஃபார்மைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்னால் போட முடியாது. நீ நினைக்கிற காரணம் இல்லை. வேறு. அதைக் கேட்காதே.

மெஸ்ஸில் ரொம்ப நேரம் நிற்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

முனிரத்தினம்

*

இரும்புலியூர்,
21.9.2025, ஞாயிறு

மாமாவுக்கு,

தொட்டி மூடியை மாற்றியாகிவிட்டது. நானே மாற்றினேன்.

காரணத்தைக் கேட்காதே என்று எழுதியிருக்கிறீங்க. பதினாலு வருஷத்தில் நான் உங்களைக் கேட்டது எத்தனை? எண்ணிப் பாருங்க.

ரிப்போர்ட்டில் குறை உங்களுக்கு என்று வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தீங்க. நீங்க குடிக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் செத்துருவேன் சரசு" என்றீங்க. அன்றையிலிருந்து குறை என்னுது. உங்கம்மா என்னைக் கூட்டிக்கொண்டு எத்தனை வைத்தியரிடம் போனாங்க! வேப்பங்கொழுந்தை அரைத்து விடியலில் வெறும் வயிற்றில் குடித்தேன். ஒன்றுமில்லாத கர்ப்பப்பைக்கு. உங்க அண்ணி வளைகாப்பில் என்னைப் பின்னால் நிற்கச் சொன்னாங்க. "காய்க்காத மரம் முன்னாடி இன்னாத்துக்கு" என்று உங்கம்மா சொன்னது என் காதில் விழுந்தது. நீங்களும் அங்கேதான் பாயாசம் குடித்துக்கொண்டு நின்றீங்க. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் கணக்குக் கேட்டேனா?

டோனர் வைத்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னதே நீங்கதான். ஹெப்சி எதிரில் உட்கார்ந்து நீங்க கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்த பிறகு அழுகை வருகிறது. அவள் ரத்த குரூப்பு, நிறம், உயரம் என்று படித்துக்கொண்டே வந்தாள். "ஒயரமா வேணாம் மேடம். எங்க வூட்ல எல்லாம் குட்டை. திடீர்னு ஒரு பனைமரம் நின்னா ஊரு கேக்கும்" என்றீங்க. "குடிக்கிற ஆளா மேடம்?" என்றீங்க. கடைசியில், "அவங்களுக்குக் குலசாமி யாரு?" என்று கேட்டீங்க. அவள் பேனாவை வைத்துவிட்டு, "சார், சாமிக்கெல்லாம் இந்த ஃபார்ம்ல கட்டம் கிடையாது சார்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நீங்க கொஞ்சம் முன்னாடியே சிரிப்பை நிறுத்திவிட்டீங்க. அதை நான் பார்த்தேன்.

அந்த ஆள் யார் என்று நமக்குத் தெரியாது. தெரியவும் கூடாது என்று சட்டமாம். எனக்குத் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது உங்களைத்தான். நீங்க கையெழுத்துப் போடாத காரணம் எதுவானாலும் எழுதுங்க. எழுதவில்லை என்றால் நான் நினைத்ததுதான் என்று வைத்துக்கொள்வேன்.

ஃபார்ம் மறுபடி வைத்திருக்கிறேன். கசக்காதீங்க. ஆஸ்பத்திரி முத்திரை வைத்தது, இன்னொன்று கேட்டால் ஹெப்சிக்குத் தொந்தரவு.

சரசு

*

சிறுசேரி,
5.10.2025

சரசு,

ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்தோம். எல்லாரும் சாமி கும்பிட்டார்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். "இன்னா முனி, சாமியோட சண்டையா?" என்று ஒருவன் கேட்டான். அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான்.

நீ விடமாட்டாய். எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் முதல் தடவை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வண்டி சர்வீஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பச்சையம்மன் கோயிலுக்குப் போனேன். மதுராந்தகம் தாண்டி, நம்ம குலசாமி கோயிலுக்கு. பூசாரியிடம் பூக் கேட்கணும் என்றேன். அவர் செவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், வாழை இலையில் கட்டி அம்மன் காலடியில் போட்டார். செவப்பு வந்தால் சரி, வெள்ளை வந்தால் கூடாது என்று மனசில் வைத்துக்கொண்டேன். கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார். வெள்ளை. மனசு கேட்கவில்லை. இன்னொரு தரம் என்றேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தரம் கேட்கப் போனேன். "வேணாம்பா. ரெண்டு வாட்டி சொல்லிட்டா. மூணாவது கேட்டா அவளை நம்பலேன்னு அர்த்தம்" என்று பூசாரி பொட்டலங்களை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். நீ வாசலிலேயே நின்றாய். உன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். சாமி கூடாது என்று சொன்னதற்கு மேல் போட்டேன்.

பதினோராவது நாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டபோதே தெரிந்துவிட்டது. நுரையீரல், ரத்தம் என்று ஏதேதோ சொன்னார். எனக்கு அந்த இரண்டு வெள்ளைப் பூதான் தெரிந்தது. நான் சுடுகாட்டுக்கு வரவில்லை என்று யார் சொன்னது? எதிர்ப்பக்கம் பழைய இரும்புக் கடைக்கு முன்னால் நின்றேன். முகிலன் உள்ளே போனதைப் பார்த்தேன், வெளியே வந்ததையும் பார்த்தேன். கொன்ற கையாலேயே மண்ணும் போடணுமா என்று கால் நகரவில்லை.

இப்போது சொல். இன்னொரு தரம் எப்படிப் போடுவேன்? இரண்டு உயிரை எனக்குத் தெரிந்தே கொல்லச் சொல்கிறாயா?

ஃபார்ம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கசக்கவில்லை.

முனிரத்தினம்

*

இரும்புலியூர்,
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்க கடுதாசியை மூன்று தரம் படித்தேன். ரோஸி அக்கா சாப்பிட்டாயா என்று கேட்டு வந்தாங்க. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாங்க.

இரும்புக் கடை வாசலில் நின்றீங்களா! நான் இந்த நாலு மாதமும் உங்களை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் தெரியுமா? மெஸ்ஸில் சப்பாத்தி மாவு பிசையும்போது ஒவ்வொரு குத்தும் உங்களுக்குத்தான். மன்னித்துக்கொள்ளுங்க.

நீங்க கொல்லவில்லை. நானும் ஒன்று சொல்கிறேன், கேளுங்க. ஆறாம் மாதம் கால் வீங்கியது. செருப்பில் கால் நுழையவில்லை. தலையை இடிக்கிற மாதிரி வலி. செக்கப்பில் சிஸ்டர் கேட்டபோது, "ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றேன். ஏன் சொன்னேன்? சொன்னால் படுத்தே இரு என்பார்கள். நான் படுத்தால் உங்கம்மா மாடம்பாக்கத்திலிருந்து வந்து பக்கத்தில் உட்காருவாங்க. நாள் முழுக்க உட்கார்ந்து கேள்வி கேட்பாங்க. எந்த ஆஸ்பத்திரி, என்ன ஊசி, இத்தனை வருஷம் இல்லாதது எப்படி வந்தது. என்றைக்காவது வாய் தவறிவிடும் என்று பயந்தேன். உங்க ரகசியத்துக்குப் பயந்து என் வீக்கத்தைப் புடவையில் மூடிக்கொண்டு பொத்தேரி மெஸ்ஸுக்கு ரயில் ஏறினேன். பிரஷர் உச்சத்துக்குப் போய்த்தான் ஏழாம் மாதத்திலேயே பாப்பாவை எடுத்தார்கள். இதில் பச்சையம்மன் எங்கே வந்தாள்? பழி போடுவது என்றால் என் மேல் போடுங்க. அப்படியும் இல்லை என்றால் இரண்டு பேரும் பாதிப் பாதி சுமப்போம். ஒருத்தர் சிறுசேரியிலும் ஒருத்தர் இங்கேயும் சுமக்க வேண்டாம்.

தீபாவளி இருபதாம் தேதி. வீட்டில் துக்கம், அதனால் பலகாரம் கிடையாது. ஆனால் எண்ணெய் காய்ச்சி வைப்பேன். வாங்க. கையெழுத்து அப்புறம் இருக்கட்டும். முதலில் வந்து சாப்பிடுங்க.

ஒன்று மட்டும். எங்கம்மா வீட்டிலும் பூக் கேட்போம். கேட்கிற கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்வார்கள். ஊருக்குப் போகலாமா என்று கேட்டால் அது ஒரு கேள்வி. போனால் நல்லபடியாகத் திரும்பி வருவேனா என்பது வேறு கேள்வி. நீங்க அம்மன் முன்னால் மனசுக்குள் கேட்டது எது? நீங்க கேட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்க. ஒருவேளை கேள்வியில் தப்பு இருந்தால் போய்த் திருத்திக் கேட்கலாம். நானும் கூட வருகிறேன்.

உங்க அன்புள்ள
சரசு

*

சிறுசேரி,
24.10.2025

சரசு,

தீபாவளி அன்றைக்கு வண்டலூர் வரை வந்தேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். ஏறாமல் நின்றேன். அப்புறம் திரும்பிவிட்டேன். நீ எண்ணெய் காய்ச்சி வைத்திருப்பாய் என்று தெரியும். அதனால்தான் வர முடியவில்லை.

கால் வீங்கியதை என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

நீ கேட்டாயே. நான் கேட்டது இதுதான்: "அம்மா, எவனோ ஒருத்தன் குடுக்கிற புள்ள எனக்குப் புள்ளயா நிக்குமா?" இரண்டு தரமும் இதையேதான் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது? அதைத்தானே கேட்க முடியும். வெள்ளை வந்தது.

அம்மாவிடம் போனில் பேசினேன். நம்ம ரகசியம் ஒன்றும் சொல்லவில்லை. அவங்களாகவே ஒரு வழி சொன்னார்கள். அண்ணனின் சின்னப் பையன் இருக்கிறானே, இரண்டாவது. அவனை நாம் எடுத்து வளர்க்கலாமாம். அண்ணிக்கும் சம்மதம்தானாம். "எடுத்தாலும் நம்ம ரத்தமாச்சே" என்றார்கள். எனக்கு அது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சாமிக்கும் தப்பில்லை, உனக்கும் பிள்ளை இருக்கும். யோசித்துச் சொல்.

முனிரத்தினம்

*

இரும்புலியூர்,
2.11.2025, ஞாயிறு

மாமாவுக்கு,

யோசித்துவிட்டேன்.

பூ பொய் சொல்லவில்லை. பிழைக்குமா சாகுமா என்று நீங்க கேட்கவே இல்லை. நல்லபடியாகப் பெற்றெடுப்பாளா என்று என்னைப் பற்றியும் கேட்கவில்லை. எனக்குப் பிள்ளையா நிற்குமா என்று கேட்டீங்க. அதற்கு அம்மன் உங்க மனசில் இருந்ததையே எடுத்துக் கையில் கொடுத்தாள். நீங்க அதை வாங்கிக்கொண்டு வந்து, என்னிடம் "போலாம் சரசு" என்று சொல்லி, ஏழு மாதம் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தீங்களே. அந்தக் கை என்ன நினைத்துக்கொண்டிருந்தது?

நான் உங்களைக் கொலைகாரர் என்று நினைக்கவில்லை. போன கடுதாசியில் எழுதியதை மாற்றவில்லை. ஆனால் நீங்க சுடுகாட்டுக்கு வெளியிலேயே நின்றது குற்ற உணர்ச்சியால் மட்டும் இல்லை. தகப்பன் யார் என்று கேட்டால் நான் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. அதனாலும்தான். முதல் கடுதாசியிலேயே இதை நான் கேட்டேன். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்.

உங்க அண்ணன் பையன் வேண்டாம். தங்கமான பிள்ளை. அவனுக்கு அம்மா இருக்கிறாள். என் மடிக்கு ஒரு பிள்ளை, உங்க மனசுக்கு ஒரு ரத்தம் என்று பங்கு போட்டு ஒரு குழந்தையை இழுத்துக்கொண்டு வர என்னால் ஆகாது.

வியாழக்கிழமை ஹெப்சியிடம் போனேன். "புருஷன் போடலேன்னா நான் மட்டும் போட்டா ஆவாதா?" என்று கேட்டேன். ஆகாதாம். கல்யாணம் ஆனவள் என்றால் புருஷன் கையெழுத்து வேண்டும். கல்யாணம் ஆகாதவள், விவாகரத்து ஆனவள், புருஷன் செத்தவள் என்றால் அவள் கையெழுத்து ஒன்றே போதுமாம். எனக்கு முதலில் புரியவில்லை. "அப்ப ஆம்பள இல்லாதவ மேல நாட்டாமை இல்ல, இருக்கிறவ மேலதானா?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். பிரிந்துவிட்டால் எனக்கு மட்டும் என்று முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் இந்த இரண்டும் இரண்டு பேர் பேரில் உண்டானது, இதைத் தர மாட்டார்கள், விட்டுவிட வேண்டியதுதான் என்று.

அன்றைக்கே தாம்பரம் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிகிற பேப்பர் எழுதிக் கொடுத்தாங்க. அதை இதோடு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ஃபார்ம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

இரண்டில் ஒன்றில் போடுங்க. அந்த இரண்டுக்கும் நீங்க தகப்பன் என்றால் ஆஸ்பத்திரி ஃபார்மில். இல்லை என்றால் மற்றதில். எதில் போட்டாலும் நான் உங்களைச் சபிக்க மாட்டேன். இரண்டிலும் போடாமல் நாளைக் கடத்தி, முப்பதாம் தேதி தானாக வந்து முடித்து வைக்கட்டும் என்று விட்டீங்க என்றால், அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

சரசு

*

சிறுசேரி,
17.11.2025

சரசு,

இரண்டிலும் போட்டுவிட்டேன். உனக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்.

திட்டுவாய் என்று தெரியும். எனக்கு ஒன்றை எடுக்கத் தெரியவில்லை. மறுபடி கோயிலுக்குப் போகவில்லை. போகலாம் என்று தோன்றியது, பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பினேன்.

ஒன்று சொல்லணும். பால் கொண்டுபோகும்போது மூன்றாம் மாடியில் அந்த மலையாளத்து நர்ஸ் கதவைத் திறந்ததும், பாப்பாவிடம், "அச்சன் வந்நு, அச்சன் வந்நு" என்று, அப்பா வந்தாச்சு என்று அவங்க பாஷையில் சொல்லும். முதல் இரண்டு நாள் எனக்கு என்னவோ போல இருந்தது. அப்புறம் அது சொல்லாத அன்றைக்கு நானே கதவில் நின்று, சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் அப்படிக் காத்து நின்றதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

முனிரத்தினம்

*

இரும்புலியூர்,
23.11.2025, ஞாயிறு

மாமாவுக்கு,

கவர் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி ஃபார்மைக் கொண்டுபோய் ஹெப்சி கையில் கொடுத்துவிட்டேன். என் கையெழுத்தை அவள் எதிரிலேயே போட்டேன். ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை என்றாள். உடம்பு தேறிய பிறகு, மாசி கழித்து, ஒரு நாள் வரச் சொல்வார்கள். இந்தத் தடவை ஆரம்பத்திலேயே பிரஷர் மாத்திரை. கால் வீங்கினால் மறைக்க மாட்டேன்.

மறைக்கிறதற்கு இனிமேல் ஒன்றும் இல்லை. நேற்று மாடம்பாக்கம் போய் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். இந்த ரகசியத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாகிவிட்டது, இரண்டாவதையும் கொடுக்க மாட்டேன்.

அவங்க முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாங்க. "அத்தே, கொறை என்னுது இல்ல, உங்க புள்ளையுது" என்று ஆரம்பித்தேன். முறத்தைத் தள்ளிவிட்டு, "எவடி அவ, எம்புள்ளயச் சொல்றது?" என்று எழுந்தாங்க. ரிப்போர்ட்டைக் காட்டினேன். படிக்கத் தெரியாது அல்லவா, உங்க அண்ணியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாங்க. அண்ணி படித்தாங்க. டோனரைப் பற்றியும் சொன்னேன். அப்புறம் உங்கம்மா, "பாப்பா மூக்கு என் மாமியாராட்டம் கீதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லினு திரிஞ்சனே, அப்பல்லாம் நீ வாயை மூடினு நின்னியேடி" என்றாங்க. "நீங்க என்னைக் காய்க்காத மரம்னு சொன்னப்பவும் மூடினுதான் நின்னேன் அத்தே" என்றேன். அவங்க திரும்பி முறத்தை எடுத்துக்கொண்டாங்க. நான் கிளம்பும்போது முதுகைக் காட்டிக்கொண்டே, "அந்த ரெண்டும் இன்னும் குளுர்லயா கீது?" என்று கேட்டாங்க. ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாங்க. இன்னும் போன் பண்ணவில்லை. பண்ணுவாங்களா தெரியாது. உங்களுக்குப் பண்ணியிருப்பாங்க. நீங்க சாகவில்லை என்று நம்புகிறேன்.

அந்த நர்ஸ் சொல்லட்டும் என்று காத்து நின்றதற்கு அர்த்தம் கேட்டிருக்கிறீங்க. எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்ல மாட்டேன். இந்தப் பதினாலு வருஷமும் உங்களுக்குப் பதிலாக நானே சொல்லிவந்தேன். குறையை நான் சொன்னேன், பொய்யை நான் சொன்னேன், டூட்டி என்று என் தம்பி சொன்னான். பூவைக்கூட ஒரு சின்னப் பெண்தான் எடுத்தாள். இப்போது இரண்டு பேப்பரிலும் போட்டு, எடுக்கிற வேலையை மறுபடி என் கையில் கொடுத்துவிட்டீங்க. என்னுடையதை நான் எடுத்துவிட்டேன். பிள்ளை என் பிள்ளை. அதை நான் எந்த அம்மனிடமும் கேட்கப் போவதில்லை.

பிரிகிற பேப்பர் இதோடு இருக்கிறது. உங்க கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டிருக்கிறேன். தேதி போடவில்லை. இனி அது உங்களிடமே இருக்கட்டும். கருவை உள்ளே வைக்கிற நாளில் நீங்க வந்து நின்றால், அதை நீங்களே கிழித்துப் போடுங்க. வரவில்லை என்றால் நான் பிள்ளை பெற்றுக் கைப்பிள்ளையோடு தேறி வருகிற வரைக்கும் பொறுத்து, அப்புறம் தேதி போட்டு வக்கீல் அம்மாவிடம் சேர்த்துவிடுங்க. நான் சண்டைக்கு வர மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்க. மழை நாளில் வண்டியை மெதுவாக ஓட்டுங்க. இதற்கு மேல் நான் கடுதாசி போட மாட்டேன்.

எந்த நாள் வைக்கிறார்கள் என்று ஹெப்சிக்குத் தெரியும். போன் பண்ணிக் கேட்டால் சொல்வாள். யார் பேசுகிறீங்க என்று அவள் கேட்பாள். அவளிடம் என்ன சொல்வீங்களோ, அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்க.

சரசு